பத்து நாள் வெளிச்சத்தில் பார்த்த பொடியன்கள்

மேசை லாச்சியைத் துப்புரவாக்கியபோது இரண்டு பழைய தாள்கள் அகப்பட்டன. இரண்டும் நான் எழுதியவை, இரண்டும் ஒரே பொடியனைப் பற்றியவை. நவம்பரில் எழுதியதில் ஒரு வரிக்குக் கீழே கோடு போட்டிருக்கிறேன்: 'மூலைக்குள் பக் எடுக்கப் போகும்போது பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்ப்பதில்லை.' (பக் என்பது ஐஸ் ஹொக்கியில் பந்துக்குப் பதிலாக அடிக்கும் ரப்பர் வட்டு.) ஜனவரி 6ஆம் திகதி எழுதிய தாளில் அந்த வரியைக் காணவில்லை. 'பெரிய ஆட்டங்களுக்கென்றே பிறந்தவன்' என்று அதில் இருக்கிறது. இரண்டு தாளுக்கும் இடையில் நடந்தது உலக ஜூனியர் ஐஸ் ஹொக்கிப் போட்டி.

நான் வட அமெரிக்காவின் பெரிய ஹொக்கி லீக்கான என்எச்எல்லில் ஒரு அணிக்கு ஸ்கவுட்டாக வேலை செய்கிறேன். ஒன்ராறியோ ஜூனியர் லீக்கில் ஆடும் பதினேழு, பதினெட்டு வயதுப் பொடியன்களைப் போய்ப் பார்த்து, இவன் இன்னும் ஐந்து வருடத்தில் என்ன ஆவான் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். சாத்திரக்காரன் வேலை என்பார் அம்மா. முதல் மூன்று வருடம் அலுவலகத்தில் இருந்து வீடியோ வெட்டினேன். அப்புறம் காரில் ஏற்றிவிட்டார்கள். ஒன்ராறியோவின் கிங்ஸ்டன், சட்பரி, லண்டன், விண்ட்சர் என்று குளிர்காலம் முழுக்க நெடுஞ்சாலையில்தான் குடித்தனம்.

அரங்கின் உச்சி வரிசையில், மூலைப் பக்கமாக இருப்பேன். ஒரு ஆட்டத்தில் பதினைந்து நிமிடம் ஐஸில் நிற்கும் ஒருவனின் மட்டையில் பக் இருப்பது எல்லாம் கூட்டினாலும் ஒன்றிரண்டு நிமிடம்தான். மிச்ச நேரத்தில் அவன் என்ன செய்கிறான் என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். சொல்ல லேசு. கண் நாய்க்குட்டி மாதிரி, பக்குக்குப் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். அதை இழுத்துக் கட்டி, பக் இல்லாத பக்கத்தில் நிற்கும் ஒருவனைப் பார்க்கப் பழகவே எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

டிசம்பர் 26 வந்தால் இந்தப் பழக்கமெல்லாம் காற்றில் போய்விடும். பத்து நாடுகள், இருபது வயதுக்கு உட்பட்டவர்கள். ஜனவரி 5 வாக்கில் இறுதி ஆட்டம். பதக்கம் வரைக்கும் போகிற அணிக்கே ஏழு ஆட்டம்தான். 1977இல் அதிகாரபூர்வமாகத் தொடங்கிய இந்தப் போட்டி கனடாவில் நத்தார் விடுமுறையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. வருடம் முழுக்க ஹொக்கிப் பக்கமே திரும்பாத என் மாமாவும் ஸ்காபரோவிலிருந்து போன் எடுப்பார். "தம்பி, அந்தச் சின்னப் பொடியன் சரியான கெட்டிக்காரன். உங்கட ஆக்கள் இன்னும் எடுக்கேல்லையோ?"

மாமாவைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் பெரிய ஆட்களும் அந்தப் பத்து நாளும் அதே ரீவியைத்தான் பார்க்கிறார்கள். சட்பரியில் ஒரு செவ்வாய் இரவு, பனி கொட்டும்போது, பாதி காலியான அரங்கில் நான் பார்த்ததை அவர்கள் பார்க்கவில்லை. ஜனவரி நடுவில் கூட்டம் கூடும்போது மேசையைச் சுற்றி இருக்கிற எல்லாருடைய தலையிலும் ஒரே கோல் ஓடிக்கொண்டிருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இது பத்தொன்பது வயதுக்காரர்களின் போட்டி. என்எச்எல் அணிகள் ஜூனில், ஒன்றன்பின் ஒன்றாக முறை வைத்து, பொடியன்களைத் தெரிவு செய்வது பதினெட்டு வயதில். ஆகவே அங்கே ஆடுகிறவர்களில் பலர் ஏற்கெனவே ஏதோ ஒரு அணியின் பட்டியலில் இருப்பவர்கள். இன்னும் தெரிவாகாத ஒருவன் அந்தக் கூட்டத்தில் நின்று பிடித்தாலே அவன்மேல் கண் விழும். அதில் பிழை இல்லை. கோல் கணக்கைப் பார்க்கத் தொடங்கும்போதுதான் வில்லங்கம்.

1993இல் சுவீடனின் யெவ்லே நகரில் பீட்டர் போர்ஸ்பெர்க் ஏழு ஆட்டத்தில் 31 புள்ளிகள் எடுத்தார் (போட்ட கோலுக்கும், கோலுக்கு வழிசெய்த அசிஸ்டுக்கும் தலா ஒரு புள்ளி). இன்றுவரை அதை யாரும் தாண்டவில்லை. ஜப்பானை சுவீடன் 20-1 என்று வென்ற ஒரு ஆட்டத்தில் மட்டும் அவருக்கு 10 புள்ளிகள். அதைக் கழித்தாலும் ஆறு ஆட்டத்தில் 21 வருகிறது. என்எச்எல்லின் ஸ்டான்லி கோப்பையை இரண்டு தரம் வென்ற மனிதர், அவருக்கு ஜப்பான் தேவைப்படவில்லை. ஆனால் கழித்துப் பார்த்தால் ஒன்றும் மிஞ்சாத பொடியன்களும் உண்டு. 2018 டிசம்பர் 26இல் வான்கூவரில் கனடா டென்மார்க்கை 14-0 என்று அடித்தது. ஒரு கிழமை கழித்து அதே கனடா காலிறுதியில் பின்லாந்திடம் தோற்று வெளியே போனது. 14-0 ஆட்டத்தில் யார் நன்றாக ஆடினான் என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. அப்படியான இரவுகளில் தாளை வெறுமையாக விட்டுவிட்டு வருவதுதான் நேர்மை என்று இப்போது நினைக்கிறேன். அலுவலகத்தில் வெறும் தாளை யாரும் விரும்புவதில்லை, அது வேறு விஷயம்.

வீடியோ வெட்டிய காலத்தில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது 2016இல் ஹெல்சிங்கியில் நடந்த போட்டி. பின்லாந்தின் ஒரு லைன், அதாவது சேர்ந்து ஆடும் மூன்று முன்வரிசைக்காரர்கள், மொத்த உலகத்தையும் ஆட்டிவைத்தது. நடுவில் செபஸ்டியன் ஆஹோ, இரு பக்கமும் பத்ரிக் லைனே, யெசே புல்யுயார்வி. பதினேழு வயது புல்யுயார்விக்கு 17 புள்ளிகள், போட்டியின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் பட்டம், தங்கப் பதக்கம். அந்த ஜூன் தெரிவில் மூன்றாவதாகப் போவார் என்றுதான் எல்லாரும் எழுதினார்கள். மூன்றாவது முறை வந்த கொலம்பஸ் அணி அவரைத் தாண்டி வேறொருவரை எடுக்க, எட்மண்டன் அவரை நாலாவதாக எடுத்தது. அடுத்த நாள் எங்கள் அலுவலகத்தில் கொலம்பஸைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

ஆஹோ அதற்கு முந்திய வருடமே தெரிவாகியிருந்தார், 34 பேருக்குப் பின்னால். இன்று கரோலினா அணியின் நடுத்தூண் அவர்தான். லைனே கோல்களாகப் போட்டார். புல்யுயார்வியோ இடையில் பின்லாந்துக்குத் திரும்பி, மறுபடி வந்து, இரண்டு இடுப்பிலும் சத்திரசிகிச்சை செய்துகொண்டு, எதிர்பார்த்த உயரத்துக்குப் போக முடியாமலே ஆடினார். உடம்பு செய்த துரோகத்தை எந்த ஸ்கவுட்டும் முன்கூட்டிக் காண முடியாது. ஆனாலும் இப்போது அந்த வீடியோவை ஓடவிட்டால் என் கண் நடுவில் நிற்பவரிடம்தான் போகிறது. கீழே இறங்கி வந்து பக்கை மீட்டு, நடுவால் கொண்டுவந்து, மற்ற இருவரும் எங்கே நிற்கப் போகிறார்கள் என்று அவர்களுக்கு முன்பே தெரிந்தவர் போலக் கொடுப்பவர் அவர். அன்றைக்கும் அதே வீடியோதான். நான் தான் அசிஸ்ட் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

சரி, என் இரண்டு தாள்களுக்கு வருகிறேன்.

அவன் ஐரோப்பாவிலிருந்து இங்கே வந்து ஜூனியர் ஆடிய பொடியன். நல்ல கை, நல்ல வேகம், எதிரணி நாலு பேரை ஏமாற்றும் குசும்பு. நவம்பர் வரைக்கும் அவனை ஒன்பது ஆட்டம் பார்த்திருந்தேன். ஒரே ஒரு குறை. எதிரணிப் பக்கத்து மூலைக்குள் பக் போனால் தலையைக் குனிந்துகொண்டு நேரே போவான். நல்ல ஆட்டக்காரன் பக்கைத் தொடுவதற்கு முன் தோளுக்கு மேலால் ஒரு தரமாவது திரும்பிப் பார்ப்பான். அரை விநாடி வேலை. யார் வருகிறான், எந்தப் பக்கத்தால் வருகிறான், தன் ஆள் எங்கே நிற்கிறான் எல்லாம் அந்த அரை விநாடியில் தெரிந்துவிடும். இவன் பக்கை எடுத்த பிறகுதான் யோசிப்பான். ஜூனியரில் அது ஓடும். பின்னால் வருகிறவனுக்கும் பதினேழு வயதுதானே.

உலக ஜூனியரில் அவனுடைய நாடு சின்ன அணி. கனடாவில் என்றால் நாலாவது லைனில் ஏழு நிமிடம் கிடைத்திருக்கும். அங்கே அவனுக்கு இருபது நிமிடத்துக்கு மேல், பவர் பிளே (எதிரணியில் ஒருவன் தண்டனையில் வெளியே இருக்கும் நேரம்) முழுக்க. பெரிய அணி ஒன்றுக்கு எதிராக இரண்டு கோல் போட்டான். அதில் ஒன்று, எல்லா நாட்டு ரீவியிலும் ஓடிய ஒன்று. அந்த வருடப் போட்டி ஐரோப்பாவில். அந்த அரங்கின் ஐஸ் எங்களுடையதைவிட அகலம். வட அமெரிக்காவில் அகலம் 26 மீட்டர், சர்வதேச அளவு 30 மீட்டர் வரைக்கும் போகும். மூலைக்குள் போகிறவனுக்கு அந்த இடைவெளி ஒரு மூச்சு விடுகிற நேரத்தைச் சும்மா கொடுத்துவிடுகிறது. இதெல்லாம் எனக்கு அன்றே தெரிந்த விஷயங்கள். தெரிந்துகொண்டும் பழைய தாளைப் பார்க்காமல் புதிய தாளை எழுதினேன்.

ஜனவரிக் கூட்டத்தில் எங்கள் மூத்த ஸ்கவுட் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். முப்பது வருடம் அரங்கக் கோப்பி குடித்த மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார்.

"நவம்பரில் நீ பார்த்த பொடியன் எங்கே போனான்?"

"வளர்ந்திருக்கிறான், சேர்."

"ஆறு கிழமையிலா?"

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கோலை மற்றவர்களும் பார்த்திருந்தார்கள். ஜூனில் எங்கள் முறை வந்தபோது அவன் பெயரைத்தான் சொன்னோம். மூன்று வருடம் எங்கள் கீழ் அணியில் ஆடினான். அங்கே பின்னால் வருகிறவர்களுக்கு இருபத்தாறு, இருபத்தேழு வயது, வீட்டில் பிள்ளை குட்டி உண்டு, அடித்தால்தான் சம்பளம். ஐஸைச் சுற்றியிருக்கும் பலகையோடு சேர்த்து அவனை நசுக்கினார்கள். முதல் பருவம் முடிவதற்குள் மூலைக்குப் போவதையே அவன் குறைத்துக்கொண்டான். இப்போது ஐரோப்பாவில் சந்தோஷமாக ஆடுகிறான், கோலும் போடுகிறான். அங்கே ஐஸ் அகலம்.

வலை காக்கும் கோலிகள் விஷயத்தில் நான் வாயே திறப்பதில்லை. கணக்கைப் பாருங்கள். ஏழு ஆட்டம், ஆட்டத்துக்கு 25 ஷொட் என்றால் 175. நூற்றுக்கு 92 தடுப்பவனுக்கும் 90 தடுப்பவனுக்கும் இடையில் இருப்பது மூன்று, நாலு கோல். அதில் இரண்டு கம்பத்தில் பட்டுப் போயிருந்தால் கதை தலைகீழ். ரொறன்ரோவில் இந்தக் கணக்குக்கு ஒரு பெயர் உண்டு: ஜஸ்டின் போகி. 2006இல் வான்கூவரில் கனடாவுக்காக ஆறு ஆட்டமும் வென்று, மூன்றில் ஒரு கோலும் விடாமல், தங்கத்தோடு வந்தார். அவரை ரொறன்ரோவின் மேப்பிள் லீவ்ஸ் அணிதான் தெரிவு செய்திருந்தது. பின்லாந்துக்காக ஆடி, அதே போட்டியில் சிறந்த கோலி என்று தேர்வான தூக்கா ராஸ்கும் லீவ்ஸின் பொடியன்தான். இரண்டு பேரில் ஒருவர் போதும் என்று அந்த ஜூனில் ராஸ்கை பொஸ்டனுக்குக் கொடுத்து, ஆண்ட்ரூ ரேகிராப்டை வாங்கினார்கள். போகி என்எச்எல்லில் ஆடியது மொத்தம் ஏழு ஆட்டம். ராஸ்க் 2014இல் சிறந்த கோலிக்கான வெசினா கோப்பையை வென்றார், பொஸ்டனின் வரலாற்றிலேயே அதிக வெற்றி பெற்ற கோலியானார். இந்த ஊரில் எந்த அரங்கின் கோப்பி வரிசையில் நின்றாலும் இந்தக் கதை காதில் விழும். ஒரு நியாயமும் சொல்ல வேண்டும்: போகி அந்த வருடம் ஜூனியர் லீக்கிலும் பிரமாதமாக ஆடியவர். போட்டி மட்டும்தான் எல்லாரையும் ஏமாற்றியது என்று சொல்ல முடியாது. பதினெட்டு, பத்தொன்பது வயதுக் கோலியை யாராலும் சரியாகச் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

எனக்கு அதிகமாக உறுத்துவது வேறொன்று. 2011 ஜனவரி 5, பபலோ. இறுதி ஆட்டத்தில் ரஷ்யா மூன்றாவதும் கடைசியுமான பகுதிக்குள் 0-3 என்று பின்தங்கிய நிலையில் போய், அந்தப் பகுதியில் ஐந்து கோல் போட்டுக் கனடாவை வென்றது. அதில் இரண்டு கோல் ஆர்டெமி பனாரின் போட்டவை. லீக்கின் முப்பது அணிகளின் ஆட்களும் பார்த்த ஆட்டம் அது. பத்து நாள் வெளிச்சம் உண்மையிலேயே ஒருவன்மேல் சரியாக விழுந்த இரவு. ஆனாலும் எந்த அணியும் அவரைத் தெரிவு செய்யவில்லை. சின்ன உடம்பு, ரஷ்யாவை விட்டு வருவாரோ தெரியாது என்று ஆளுக்கொரு காரணம். 2015இல் சிகாகோ வெறும் ஒப்பந்தத்தில் கூட்டி வந்தது, அடுத்த வருடமே சிறந்த புதுமுகம் ஆனார். நான் அப்போது இந்த வேலையில் இல்லை. இருந்திருந்தாலும் 'சின்ன உடம்பு' என்று எழுதியிருப்பேன் என்பது எனக்கு வடிவாகத் தெரியும். ஆகவே வெளிச்சத்தை நம்பாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளவும் முடியவில்லை.

இப்போது செய்வது ஒன்றுதான். போட்டிக்குப் போகும்போது நவம்பர்த் தாளை நாலாக மடித்து ஜாக்கெட் பைக்குள் வைத்துக்கொள்கிறேன். புதிதாகத் தாள் எழுதுவதில்லை. பழைய தாளில் இருக்கும் சந்தேகங்களுக்கு மட்டும் பக்கத்தில் அடையாளம் போடுகிறேன். மூத்தவருக்கு இது பிடித்திருக்கிறது. பெரிய ஆட்களுக்கு அவ்வளவாக இல்லை, வாசிக்க ஒன்றும் இல்லையாம்.

போன தடவை ஒரு பொடியன். அவனுடைய தாளிலும் அதே வரிதான், கோடு போட்டபடி. முதல் பகுதியில் மூலைக்குள் போனான், தோளுக்கு மேலால் பார்த்தான். சரி. இரண்டாம் பகுதியில் போனான், பார்த்தான். சரி. மூன்றாம் பகுதியில், ஆட்டம் சமநிலையில் இருக்கும்போது, தலையைக் குனிந்தபடி நேரே போனான். பின்னால் வந்தவன் கால் தடுக்கி விழுந்தான். இவன் பக்கை எடுத்துக்கொண்டு வலைக்குப் பின்னால் சுற்றி வந்து உள்ளே தள்ளினான். அரங்கம் முழுக்க எழுந்து நின்றது. எனக்கு முன்னால் இருந்தவரின் பொப்கோர்ன் என் தாளில் கொட்டியது. அதைத் தட்டிவிட்டு, 'பார்க்கவில்லை' என்று எழுதி முடிப்பதற்குள் பைக்குள் போன் அதிர்ந்தது. மாமா.