காய்ச்சல் இறங்காத வாரம்: மகனுக்குக் கவாசாகி நோய் வந்தபோது

சின்னக் குழந்தைகளின் ரத்த நாளங்களை வீங்கச் செய்யும் கவாசாகி நோயைக் கண்டுபிடிக்கத் தனியாக ஒரு பரிசோதனை கிடையாது. ரத்தம் எடுத்து அனுப்பினால் 'ஆம்', 'இல்லை' என்று பதில் வந்துவிடாது. ஐந்து நாளாவது நீடிக்கும் காய்ச்சல், அதோடு கண், வாய், தோல், கை கால், கழுத்து ஆகிய ஐந்தில் நான்கிலாவது மாற்றம். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் டாக்டர்கள் முடிவுக்கு வருகிறார்கள். ஆனால் இந்த ஐந்தும் ஒரே நாளில் கூடி வருவதில்லை. ஒன்று மறைந்த பிறகு இன்னொன்று தலைகாட்டும். முழுவதையும் பார்ப்பவர்கள் வீட்டில் இருப்பவர்கள் மட்டுமே.

எங்கள் மகனுக்கு அப்போது ஒரு வயது முடிந்து இரண்டு மாதம். பாராசிட்டமால் கொடுத்தால் காய்ச்சல் கொஞ்ச நேரம் இறங்கும், அப்புறம் மறுபடி 39.5 டிகிரி செல்சியஸ். சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் கிளினிக்கில் வைரஸ் காய்ச்சலாக இருக்கலாம் என்றார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அன்றைக்குக் காய்ச்சலும் சிவந்த தொண்டையும் தவிர வேறு எதுவும் இல்லை.

அடுத்து இரண்டு கண்ணும் சிவந்தன, ஆனால் பீளை கட்டவில்லை. உதடு வெடித்தது. நெஞ்சில் தடிப்பு வந்தது. புத்தகங்களிலும் இணையத்திலும் காட்டுகிற படங்களில் பளிச்சென்று சிவந்திருக்கும். மாநிறமான நம் பிள்ளைகளின் தோலில் அப்படித் தெரியாது. ஜன்னல் பக்கம் தூக்கிப்போய் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரிந்தது. அத்தை அம்மை என்றே முடிவு கட்டி, தேக்கா சந்தையிலிருந்து வேப்பிலை வாங்கி வந்து தொட்டிலில் செருகிவிட்டார். தட்டம்மைக்கான எம்.எம்.ஆர். முதல் ஊசியை 12 மாதத்திலேயே போட்டாயிற்றே என்று என் மனைவி சொன்னது எடுபடவில்லை.

ஆனால் முக்கியமான அடையாளத்தைக் கண்டுபிடித்தவரும் அத்தைதான். ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துவிடும்போது கூப்பிட்டார். "மாப்பிள்ளை, இங்க பாருங்க. பொறந்தப்ப போட்ட ஊசித் தழும்பு ஏன் இப்படி வீங்கியிருக்கு?" காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. போட்ட தழும்பைச் சுற்றி வெள்ளிக்காசு அளவுக்குச் சிவந்து, தொட்டால் சுட்டது. பல மாதங்களுக்கு முன்னாலேயே ஆறிப்போன தழும்பு அது. உடனே படம் எடுத்துக்கொண்டேன். காய்ச்சல் தொடங்கியதிலிருந்தே கண், உதடு, கை என்று எடுத்துக்கொண்டே இருந்தேன். எந்த நேரம் எவ்வளவு காய்ச்சல், எந்த மருந்து கொடுத்தோம் என்பதும் ஃபோனில் இருந்தது.

அன்று இரவே கேகே மருத்துவமனையின் குழந்தைகள் அவசரப் பிரிவுக்குப் போனோம். வந்த வரிசையில் கூப்பிட மாட்டார்கள். நிலைமை எவ்வளவு மோசம் என்று தாதி முதலில் பார்த்துத் தரம் பிரிப்பார், அதன்படிதான் முறை வரும். அங்கே நமக்குப் பெயரும் கிடையாது. எல்லாருக்கும் நாம் 'டாடி', 'மம்மி' தான். "டாடி, எத்தனை நாளாகக் காய்ச்சல்?" என்று கேட்ட இளம் டாக்டரிடம் ஃபோனையே நீட்டினேன். அவர் பார்த்தபோது கண் சிவப்பு ஏறக்குறைய போயிருந்தது. முந்தைய நாள் படத்தில் அது இருந்தது. தழும்புப் படத்துக்கு வந்ததும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, பெரிய டாக்டரைக் கூட்டிவந்தார். பி.சி.ஜி. போட்ட இடம் சிவப்பது கவாசாகியில் வரக்கூடிய அடையாளமாம். பிறந்ததும் பி.சி.ஜி. போடும் நம்மைப் போன்ற நாடுகளில்தான் அது உதவும். நாக்கு ஸ்ட்ராபெர்ரி பழம் போல் இருப்பதையும், கழுத்தில் நெறி கட்டியிருப்பதையும் அவரே தொட்டுக் காட்டினார்.

இதில் பயம் இதயத்தைப் பற்றியது. ஜப்பானிய மருத்துவர் தொமிசாகு கவாசாகி 1967-ல் விவரித்த நோய் இது. காரணம் என்னவென்று இன்றுவரை பிடிபடவில்லை. ரத்த நாளங்கள் வீங்கும். சிகிச்சை கொடுக்காவிட்டால் நான்கு குழந்தைகளில் ஒருவருக்கு இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் நாளங்கள் புடைத்துவிடும். பத்து நாளுக்குள் மருந்து ஏறிவிட்டால் அது இருபதில் ஒன்று என்ற அளவுக்குக் குறைந்துவிடுகிறது. ஆக, அவசரம் இருக்கிறது, ஆனால் நேரமும் இருக்கிறது என்று டாக்டர் சொன்ன விதம் எங்களை நிதானப்படுத்தியது.

மருந்தின் பெயர் ஐவிஐஜி. ஆயிரக்கணக்கானோர் தானம் கொடுத்த பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதம். உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராம் வீதம், பத்துப் பன்னிரண்டு மணி நேரம் மெதுவாக ஏற்றுவார்கள். ஊசி குத்திய கையைச் சின்னப் பலகையோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். அதை வைத்தே தொட்டில் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தான். முதல் ஒரு மணி நேரம் தாதி அவ்வப்போது வந்து ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, காய்ச்சல் பார்த்துப் பார்த்து வேகத்தைக் கூட்டினார். பெற்றோரில் ஒருவர் கூடத் தங்கலாம், நாங்கள் மாறி மாறி இருந்தோம். விடிவதற்குள் 37.2. அந்த எண்ணை நான் மூன்று தடவை பார்த்தேன்.

இதயத்தைப் பார்க்கும் எக்கோ ஸ்கேனுக்குத்தான் பெரும்பாடு. நெஞ்சில் ஜெல் தடவிக் கருவியை வைத்தால் அசையாமல் இருக்க வேண்டும். ஒன்றே கால் வயதுப் பையனிடம் அதை எப்படிச் சொல்வது? குழந்தைகளை விளையாட்டின் மூலம் இதற்கெல்லாம் தயார்படுத்தவே ஆள் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெண் சோப்புக் குமிழி ஊதிக்கொண்டே இருந்தார். அவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்ததில் ஸ்கேன் முடிந்தது. நாளங்களில் புடைப்பு இல்லை.

செலவைப் பற்றிச் சுருக்கமாக: மானிய வார்டில் சேர்த்தோம். தேசிய மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்ட் லைஃப், மருத்துவச் சேமிப்பான மெடிசேவ் கழிந்தபின் கையிலிருந்து போனது பயந்த அளவுக்கு இல்லை. அதுவும் முடியாதவர்கள் தாதியிடம் சொன்னால் மருத்துவ சமூக ஊழியரைப் பார்க்க ஏற்பாடு செய்கிறார்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

அத்தை வார்டுக்கு வந்தபோது ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துத் தன் கதையைத் தொடங்கினார். 1966-ல் கேகே-யில் பிறந்த 39,835 குழந்தைகளில் அவரும் ஒருவர். கின்னஸில் இடம்பிடித்த எண்ணிக்கை. அந்தப் பழைய கட்டடத்தில் இப்போது நிலப் போக்குவரத்து ஆணையம் இருக்கிறது. மருத்துவமனை 1997-ல் இந்தப் புதுக் கட்டடத்துக்கு மாறிவிட்டது. பக்கத்துப் படுக்கைப் பாட்டிக்கும் சேர்த்தே சொன்னார், அவரும் தேக்காக்காரர்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு இந்த நோயைப் பற்றி நிறைய படித்தேன். 2011-ல் சிங்கப்பூர் ஜீனோம் இன்ஸ்டிடியூட் ஆய்வாளர்கள் பன்னாட்டுக் குழுவோடு சேர்ந்து நடத்திய ஆய்வில், எஃப்சிஜிஆர்2ஏ என்ற மரபணுவின் ஒரு வகை இந்த நோயோடு தொடர்புடையது என்று கண்டறிந்தார்கள். எதிர்ப்புப் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பியை உருவாக்குகிற மரபணு அது. என் மகனுக்கு ஏற்றியதும் எதிர்ப்புப் புரதம்தானே! அதைப் படித்த அன்று தூக்கம் வரவில்லை.

வீட்டில் கவனிக்க வேண்டியவை பல. இரண்டாவது வாரத்தில் விரல் நுனித் தோல் பொருக்குப் பொருக்காக உரிந்தது. முன்பே சொல்லியிருந்ததால் பதறவில்லை. ஆறு முதல் எட்டு வாரம் கழித்து எடுக்கும் ஸ்கேன் வரை தினமும் குறைந்த அளவு ஆஸ்பிரின். அதுவரை இபுபுரூஃபென் கொடுக்கக் கூடாது. ஃபுளூவோ சின்னம்மையோ உள்ள பிள்ளையோடு பழகியிருந்தால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த நேரத்தில் ஆஸ்பிரின் ஆபத்து.

நாங்கள் எதிர்பார்க்காத வேலை ஒன்றும் வந்தது. ஐவிஐஜி ஏற்றிய பிறகு 11 மாதத்துக்கு எம்.எம்.ஆர். போன்ற உயிர்த் தடுப்பூசிகள் சரியாக வேலை செய்யாது. 15 மாதத்தில் போட வேண்டிய இரண்டாம் தவணை அதனால் தள்ளிப்போயிற்று. இங்கே தட்டம்மைத் தடுப்பூசி சட்டப்படி கட்டாயம். பாலர் பள்ளியில் சேர்க்கும்போது பதிவைக் கேட்பார்கள். வீட்டுக்கு அனுப்பும்போதே டாக்டரிடம் ஒத்திவைப்புக் கடிதம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்கு அது நினைவில்லை, தாதிதான் ஞாபகப்படுத்தினார். பள்ளித் தலைமையாசிரியர் கடிதத்தைப் பார்த்துவிட்டு, நகல் ஒன்று எடுத்துக்கொண்டு, அடுத்த வருஷம் ஊசி போட்டதும் தெரிவிக்கச் சொல்லி அனுப்பினார்.