அலெக்சாந்திரியா: பிலோவின் ஊருக்கு ஒரு திருப்பயணம்

பிலோவுக்குக் கல்லறை இல்லை. அவர் பெயரில் பீடமோ திருநாளோ கிடையாது. ஆனாலும் நான் எகிப்துக்குப் போனது முக்கியமாக அவருக்காகத்தான். எங்கள் குழுவில் மற்றவர்களுக்குத் திருக்குடும்பம் தங்கிய இடங்களைப் பார்க்கும் ஆசை. எனக்கோ, இயேசு வாழ்ந்த அதே காலத்தில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்து, இயேசுவைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமலே நம் திருச்சபைக்கு வேதம் வாசிக்கக் கற்றுத்தந்த அந்த யூதத் தத்துவ அறிஞரின் மண்ணில் நின்று நன்றி சொல்ல வேண்டும் என்று பல காலமாக ஏக்கம்.

கி.மு. 20 வாக்கில் பிறந்து கி.பி. 50 வாக்கில் மறைந்தவர் பிலோ. வசதியான குடும்பம். கிரேக்கத்தில் சிந்தித்து கிரேக்கத்திலேயே எழுதினார், பிளேட்டோவை ஊன்றிப் படித்தார். ஆனால் அவருக்கு எல்லாவற்றுக்கும் மேல் மோசேதான். ஆபிரகாம் கல்தேயர் நாட்டை விட்டுப் புறப்பட்டதைப் படிக்கும்போது, புலன்களின் பிடியிலிருந்து ஆன்மா கடவுளை நோக்கிக் கிளம்புவதையும் அதில் கண்டார். இன்று எந்தப் பங்கிலும் தவக்கால மறையுரையில் இப்படி ஒரு விளக்கம் வந்தால் நமக்குப் புதிதாகத் தோன்றாது. அந்த அளவுக்கு அது நம்முடையதாகிவிட்டது.

கெய்ரோவிலிருந்து அலெக்சாந்திரியா போகும் பாலைவனச் சாலையில், ஏறக்குறைய பாதி வழியில் வாடி நட்ரூன் இருக்கிறது. 4ஆம் நூற்றாண்டிலிருந்து துறவிகள் வாழும் இடம். புனித பிஷோய் மடத்தில் ஓர் இரவு தங்க அனுமதி கிடைத்தது. விடியலுக்கு வெகுநேரம் முன்பே மணி அடித்தது. சிலுவைகள் தைத்த கறுப்புக் குல்லா அணிந்த துறவிகள் இரண்டு அணிகளாக நின்று மாறி மாறிப் பாட ஆரம்பித்தார்கள். இடையிடையே கைத்தாளம். மெழுகுவர்த்தி வெளிச்சம் தவிர வேறு விளக்கு அதிகம் இல்லை. எகிப்தின் பழமையான கிறிஸ்தவத் திருச்சபையான காப்டிக் திருச்சபையின் இரவுப் புகழ்ச்சியில் பாடப்படும் முதல் பாட்டு எது தெரியுமா? விவிலியத்தில் விடுதலைப் பயணம் நூலின் 15ஆம் அதிகாரம். செங்கடலைக் கடந்த பிறகு மோசேயும் மக்களும் பாடிய அதே பாட்டு.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. காரணம் இதுதான். அலெக்சாந்திரியாவுக்கு வெளியே மரியோட்டிஸ் ஏரிக்கரையில் வாழ்ந்த ஒரு யூதக் குழுவைப் பற்றி பிலோ எழுதியிருக்கிறார். ஆண்களும் பெண்களும் சொத்தைத் துறந்து, சின்னச் சின்னக் குடில்களில் தனித்திருந்து, காலையும் மாலையும் ஜெபித்து, பகல் முழுக்க வேதம் தியானித்து வாழ்ந்தவர்கள். ஏழாம் நாள் கூடி வருவார்கள். அவர்களுடைய பெருவிழா இரவில் ஆண்கள் ஓர் அணி, பெண்கள் ஓர் அணி. முதலில் தனித்தனியாகப் பாடி, பிறகு ஒன்றாகக் கலந்துவிடுவார்கள். செங்கடல் கரையில் மோசே ஆண்களையும் மிரியாம் பெண்களையும் பாடவைத்தது போல என்று பிலோ சொல்கிறார். விடியும்வரை பாட்டு. சூரியன் எழும்போது கிழக்கே திரும்பிக் கைகளை உயர்த்தி ஜெபம்.

4ஆம் நூற்றாண்டில் திருச்சபை வரலாறு எழுதிய யூசேபியு இதைப் படித்துவிட்டு, இவர்கள், அலெக்சாந்திரியாவில் திருச்சபையை நிறுவியதாக மரபு சொல்லும் நற்செய்தியாளர் மாற்குவின் காலத்துக் கிறிஸ்தவர்கள்தான் என்றே நம்பினார். அவர்கள் யூதர்கள். யூசேபியு தவறாகப் புரிந்துகொண்டார் என்று இன்றைய அறிஞர்கள் சொல்வது சரிதான். ஆனால் அந்த இரவில் அந்தப் பாட்டைக் கேட்ட எனக்கு அவர் ஏன் அப்படி நம்பினார் என்பது நன்றாகவே புரிந்தது.

மறுநாள் அலெக்சாந்திரியா. நபி தானியேல் தெருப் பக்கம் எலியாகு ஹனாவி ஜெப ஆலயமும், மாற்குவின் பெயரிலான காப்டிக் பேராலயமும் கிட்டக்கிட்ட இருக்கின்றன. ஜெப ஆலயம் 1354இல் முதலில் கட்டப்பட்டது, இப்போதிருக்கும் கட்டடம் 1850ஐச் சேர்ந்தது. பழுதுபார்த்து 2020இல் மறுபடி திறந்தார்கள். உள்ளே நூற்றுக்கணக்கானவர்கள் உட்காரலாம். ஊரில் மிஞ்சியிருக்கும் யூதர்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். எங்களுக்கு அனுமதி கிடைக்காததால் வெளியே நின்றே ஜெபித்தோம்.

கி.பி. 38இல் இந்த ஊரில் யூதர்கள்மேல் பெரும் வன்முறை நடந்தது. வீடுகள் சூறையாடப்பட்டன, ஜெப ஆலயங்களுக்குள் பேரரசனின் உருவங்கள் வைக்கப்பட்டன. அந்த நிலையில்தான் வயதான பிலோ தூதுக்குழுவுக்குத் தலைமை தாங்கி ரோமைக்குக் கடல் கடந்து போய், பேரரசன் கலிகுலாவின் முன் நின்று, அவமானப்பட்டுத் திரும்பினார். தத்துவம் எழுதும் மனிதர்தானே என்று அவரை ஒதுங்கியிருப்பவராக நினைத்துவிடக் கூடாது.

மாற்கு பேராலயத்தில் முழந்தாளிட்டு, யோவான் நற்செய்தியின் முதல் வரிகளை வாசித்தேன். "தொடக்கத்தில் வாக்கு இருந்தது." கடவுளின் வாக்கு வழியாகவே உலகம் உண்டானது என்றும், அந்த வாக்கு கடவுளின் தலைப்பேறான மகன், அவரது சாயல், தலைமைக் குரு என்றும் யோவானுக்கு முன்பே பிலோ எழுதியிருந்தார். யோவான் பிலோவைப் படித்தார் என்பதற்குச் சான்று கிடையாது. இருவரும் ஒரே யூத ஞான மரபில் நின்றார்கள், அது போதும். திருத்தூதர் பணிகள் 18இல் வரும் அப்பொல்லோவும் மறைநூலில் வல்ல அலெக்சாந்திரிய யூதர்தான். ஆனால் "வாக்கு மனிதர் ஆனார்" என்று பிலோ எழுதியதில்லை. என் விசுவாசம் நிற்பது அந்த வரியில். அங்கே வந்து சேரும் வழியைச் செப்பனிட்டவர்களில் பிலோவும் ஒருவர் என்று முழு மனதோடு சொல்வேன்.

இந்த ஊரின் தொடக்ககாலக் கிறிஸ்தவ அறிஞர்களான கிளமெந்து, ஒரிஜென் இருவரும் பிலோவைத் தாராளமாக எடுத்துக்கொண்டார்கள். ஆபிரகாமின் பணிப்பெண் ஆகார் கல்வி, மனைவி சாரா ஞானம், முன்னது பின்னதற்குப் பணிவிடை செய்ய வேண்டும் என்பது பிலோவின் விளக்கம். கிளமெந்து அதை எடுத்து, கிரேக்கத் தத்துவம் விசுவாசத்துக்குப் பணிவிடை செய்யலாம் என்றார். 230களில் ஒரிஜென் பாலஸ்தீனத்துச் செசரியாவுக்குக் குடிபெயர்ந்தபோது பிலோவின் நூல்களும் அங்கே போயின. பிலோ இன்று நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் செசரியாவின் நூலகத்தால்தான். மிலான் ஆயர் அம்புரோசு பக்கம் பக்கமாக அவரிடமிருந்து எடுத்தாண்டார்.

இவ்வளவு வாங்கிக்கொண்ட திருச்சபை என்ன செய்தது? 415 வாக்கில், பேராயர் சிரில் காலத்தில், இதே ஊரிலிருந்து யூதர்கள் விரட்டப்பட்டார்கள். இதை நினைக்காமல் அந்தப் பேராலயத்தில் என்னால் ஜெபிக்க முடியவில்லை. பிலோவுக்கு நன்றி, அவருடைய மக்களுக்கு மன்னிப்பு வேண்டுதல், இரண்டையும் சேர்த்தே சொன்னேன்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜெப ஆலயத்துக்கும் மடத்தில் தங்கவும் முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்குங்கள், நோன்புக் காலத்தில் விருந்தினரை ஏற்காத மடங்களும் உண்டு. அப்புறம், இரவுப் புகழ்ச்சிக்குப் போகும் முன் விடுதலைப் பயணம் 15ஐ ஒருமுறை வாசித்துவிடுங்கள். காப்டிக் மொழி தெரியாவிட்டாலும் கூடவே ஜெபிக்கலாம்.