மோடெனாவில் ஒரு நாள்: டேட்டோனாவும் கிப்லியும்

இத்தாலியின் மோடெனா ரயில் நிலையத்தில் இறங்கும் கார் பைத்தியங்கள் பலரும் மரனெல்லோவுக்குப் பஸ் தேடுவார்கள். ஃபெராரி ஆலை 18 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. மசெராட்டி ஆலையோ நிலையத்திலிருந்து நடந்தே போய்விடும் தூரம். இந்த இரண்டு வாசல்களிலிருந்தும் 1960களின் பிற்பாதியில் வந்த இரண்டு கார்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஊருக்கு வெளியே ஒரு சேகரிப்பாளரின் கொட்டகையில் அது நிறைவேறியது. சிவப்பில் ஃபெராரி 365 ஜிடிபி/4, வெள்ளி நிறத்தில் மசெராட்டி கிப்லி. 1967 டேட்டோனா 24 மணி நேரப் பந்தயத்தில் முதல் மூன்று இடங்களையும் ஃபெராரி பிடித்ததால் இந்த 365 ஜிடிபி/4-க்கு ஒட்டிக்கொண்ட பெயர்தான் டேட்டோனா. கிப்லி என்பது லிபியப் பாலைவனக் காற்று.

துணி சுற்றிய சின்னக் காந்தம் ஒன்றை நீட்டினார் அவர். பழைய கார் வாங்குபவர்களின் முதல் ஆயுதம் இதுதான். கிப்லியின் கதவுக்குக் கீழே ஓரமாக வைத்துக்கொண்டே போனேன். விடாமல் ஒட்டியது, பட்டி பூசி மறைத்த இடம் எதுவும் இல்லை. டேட்டோனாவின் கதவில் வைத்தேன், வழுக்கி விழுந்தது. எனக்குப் பக்கென்றது. "அலுமினியம்" என்றார். பக்கவாட்டுத் தகட்டில் வைத்துக் காட்டினார், இரும்பு, கப்பென்று பிடித்துக்கொண்டது.

முதலில் டேட்டோனா. 4.4 லிட்டர், 12 சிலிண்டர், ஆறு வெபர் கார்புரேட்டர், 352 குதிரைத்திறன். கியர்பாக்ஸ் பின்பக்கம் இருப்பதால் எடை முன்னும் பின்னும் பகிர்ந்து நிற்கிறது. ஆயில் சூடாகும்வரை இரண்டாவது கியரைத் தொடவே இல்லை அவர். ஒன்றிலிருந்து நேராக மூன்று. ஊருக்குள் ஸ்டீயரிங்கைத் திருப்பத் தோள் முழுவதும் வேலை செய்தது. மலைப்பாதை தொடங்கியதும் அந்தக் கனமெல்லாம் எங்கே போனதோ! சத்தம் ஏற ஏற, வண்டி லேசாகிக்கொண்டே போனது.

அப்புறம் கிப்லி. இத்தாலியின் கியா (Ghia) என்ற கார் வடிவமைப்பு நிறுவனத்தில் இருந்தபோது வடிவமைப்பாளர் ஜுஜாரோ வரைந்தது. 1966 நவம்பரில் டூரினில் காட்சிக்கு வந்தபோது அவருக்கு 28 வயது. எஞ்சினுக்கு அடியில் ஆயில் தொட்டி கிடையாது, ஆயில் தனியாக வேறிடத்தில். அதனால்தான் பானெட் அவ்வளவு தாழ்வு. பின் அச்சில் லாரிக்குப் போடுகிற மாதிரி பட்டை ஸ்பிரிங். குறை சொல்பவர்கள் இதைத்தான் சொல்வார்கள், மேடுபள்ளத்தில் பின்புறம் துள்ளத்தான் செய்கிறது. ஆனால் நல்ல சாலையில் 4.7 லிட்டர் வி8 அவசரமே இல்லாமல் இழுக்கிறது. சாய்ந்து உட்கார்ந்து பேசிக்கொண்டே போனோம். டேட்டோனாவில் எங்களுக்குப் பேச்சே வரவில்லை.

ஏலத்தில் ஒரு டேட்டோனா போகும் விலைக்கு இரண்டு கிப்லி வாங்கலாம். பூட்டி வைத்து விலை ஏறக் காத்திருப்பவருக்கு டேட்டோனாதான் சரி, அதில் சந்தேகமில்லை. ஓட்டுவதற்கு, அதுவும் பக்கத்தில் ஓர் ஆளோடு இரண்டு நாள் பயணம் போவதற்கு என்றால், நான் கிப்லியைத்தான் எடுப்பேன்.

திரும்பும் வழியில் பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினார். கிப்லிக்கு இரண்டு டேங்க், இரு பக்கக் கூரைத் தூணிலும் ஒவ்வொரு மூடி. ஒரு பக்கம் நிரப்பிவிட்டு, குழாயை எடுத்துக்கொண்டு சுற்றி வந்தவர், மறுபக்க மூடியை என்னைத் திறக்கச் சொன்னார்.