கொப்பியை மூடிப்போட்டுச் சொல்லு

ஜூன் 2, திங்கள்

இன்று தரம் 11 பிள்ளைகளோடு குருதிச் சுற்றோட்டத்தை மீட்டிப் பார்த்தோம். போன தவணை மூன்று கிழமை எடுத்துப் படிப்பித்த பாடம். முன்வாங்கில் இருக்கும் ஒரு பிள்ளையின் கொப்பியைக் கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது. நாடிகள் சிவப்பு, நாளங்கள் நீலம், முக்கியமான வசனங்களுக்கு மேல் மஞ்சள் ஹைலைட்டர்.

"எத்தனை தரம் வாசிச்சனீ?"

"ஆறு தரம் ரீச்சர்."

பொய் சொல்லும் பிள்ளை இல்லை. எல்லோருக்கும் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, கொப்பியை மூடிவிட்டு இதயத்தைக் கீறி, குருதி போகும் வழியை எழுதச் சொன்னேன். அவள் இதயத்தின் வெளிக்கோட்டை அழகாகக் கீறினாள். நான்கு அறைகளும் வந்தன. வலது இதயவறையிலிருந்து ஒரு குழாயை மேலே இழுத்தாள். பேனை அங்கேயே நின்றுவிட்டது. 'சுவாசப்பை' என்று எழுதி, நாடியா நாளமா என்று தெரியாமல் 'நா' போட்டு நிறுத்தினாள். வெட்டினாள். திரும்ப 'நா' என்று எழுதினாள். தாளில் ஒரு சொட்டுக் கண்ணீர் விழுந்தது.

"தெரியும் ரீச்சர். கொப்பியில எந்தப் பக்கம் எண்டும் தெரியும். எழுதத்தான் வருகுதில்லை."

வீட்டுக்கு வந்தும் அந்த 'நா' கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. ஆறு தரம் வாசித்த பிள்ளையிடம் ஒரு தரமாவது கொப்பியை மூடிவிட்டுச் சொல் என்று யாராவது கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை.

ஜூன் 4, புதன்

இரண்டு இரவாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். 2006இல் அமெரிக்காவில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் செய்த பரிசோதனை என் வகுப்பறையையே பார்த்துச் செய்தது போல இருக்கிறது. மாணவர்களுக்கு ஒரு பந்தியைக் கொடுத்தார்கள். ஒரு பகுதியினர் அதைத் திரும்ப வாசித்தார்கள். மற்றப் பகுதியினர் தாளைப் பார்க்காமல் நினைவில் வந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்ப வாசித்தவர்கள்தான் முன்னுக்கு: 81 வீதம், மற்றவர்கள் 75 வீதம். ஒரு கிழமை கழித்து நிலைமை தலைகீழ். வாசித்தவர்களுக்கு 42 வீதம்தான் நினைவிருந்தது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 வீதம்.

என்னை உறுத்துவது இன்னொன்று. தங்களுக்குப் பாடம் நன்றாக நினைவிருக்கும் என்று கூடுதலாக நம்பியவர்கள் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள்தான். கண்ணுக்குப் பழகிய வசனத்தைப் பார்த்ததும் மனம் 'இது எனக்குத் தெரியும்' என்று சொல்லிவிடுகிறது. பழகியது வேறு, தெரிந்தது வேறு. பரீட்சைக்கு முதல் நாள் இரவு நிம்மதியாகப் படுத்த பிள்ளை மண்டபத்தில் பேனையைக் கடித்துக்கொண்டு இருப்பது இதனால்தான். சோம்பல் என்று ஏசிய நாட்களை நினைக்கக் கவலையாக இருக்கிறது.

ஜூன் 9, திங்கள்

மூளைப் பாடம் தொடங்கினேன். மூளையம், மூளி, நீள்வளையமையவிழையம். இந்தச் சொற்களைக் கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் மானிப்பாய் நினைவுக்கு வரும். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் அங்கே எங்கள் பெடியன்களுக்கு மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். உடலுறுப்புகளுக்குத் தமிழில் பெயர் தேடி நூல்களை மொழிபெயர்க்க வைத்தார். மூளையைப் பற்றித் தமிழில் பேசுவது இந்த மண்ணுக்குப் புதிது இல்லை. பிள்ளைகளுக்கும் அதைச் சொன்னேன்.

பிறகு பாடப்புத்தகத்தை விட்டு கொஞ்சம் வெளியே போனேன். காதுக்கு நேர் உள்ளே, மூளையின் இரு பக்கமும், வளைந்த சிறு பகுதி ஒன்று இருக்கிறது. ஹிப்போகாம்பஸ். கடல்குதிரை போல இருக்கிறது என்று 16ஆம் நூற்றாண்டு இத்தாலிய வைத்தியர் ஒருவர் வைத்த பெயர். இதைச் சொன்னதும் பின்வாங்கில் எப்போதும் தூங்கி விழும் குருநகர்ப் பெடியன் நிமிர்ந்தான்.

"கடல்குதிரை எங்கட வலையில வரும் ரீச்சர். சாதாளைக்குள்ள வாலைச் சுத்திக்கொண்டு நிக்கும். நாங்கள் திருப்பி விட்டிடுவம்."

எழுந்து வந்து கரும்பலகையில் கீறிக் காட்டினான். வாலின் சுருளைக்கூட விடவில்லை. இரண்டு வருடத்தில் அவன் கரும்பலகைக்கு வந்தது இதுதான் முதல் தடவை.

அப்புறம் ஹென்றி மொலேசனின் கதையைச் சொன்னேன். வலிப்பு நோய்க்காக 1953இல் சத்திரசிகிச்சை செய்து, இரு பக்கக் கடல்குதிரையிலும் பெரும் பங்கை எடுத்துவிட்டார்கள். அப்போது அவருக்கு 27 வயது. வலிப்புக் குறைந்தது. ஆனால் அதற்குப் பிறகு நடந்த எதுவும் அவர் மனதில் தங்கவில்லை. பல பத்தாண்டுகள் அவரை ஆராய்ந்த பிரெண்டா மில்னர் அறைக்குள் வரும்போதெல்லாம் அவருக்குப் புது ஆள்தான். ஆனால் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் கீறும் பயிற்சியில் மட்டும் நாளுக்கு நாள் கை திருந்தியது. முதல் நாள் கீறியதே நினைவில்லாமல் கை திருந்தியது! நினைவு என்பது ஒரே பெட்டி இல்லை என்று உலகம் அறிந்துகொண்டது அவரால்தான். 2008இல் இறந்தார். வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது.

ஜூன் 13, வெள்ளி

இன்று இரவு கரண்ட் போய்விட்டது. அரை மணித்தியாலம்தான். அந்த இருட்டில் பழைய நினைவு ஒன்று வந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்களுக்குக் கரண்ட் இல்லை. மண்ணெண்ணெயும் தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் திரி போட்டு எரிப்போம். நானும் அண்ணாவும் அந்த வெளிச்சத்துக்குத் தலையோடு தலை முட்டிக்கொண்டு படிப்போம். எண்ணெய் அடுத்த நாளுக்கும் வேண்டும். அதனால் அம்மா முக்கால் மணித்தியாலத்தில் விளக்கை நூர்த்துவிடுவார். படுக்க விடமாட்டார். "இப்ப சொல்லு பாப்பம், என்ன படிச்சனீ?" என்று இருட்டுக்குள் இருந்து குரல் வரும். அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். நாங்கள் சொல்வது சரியா பிழையா என்று அவருக்குத் தெரியாது. தடுமாறுவது மட்டும் தெரியும். "அந்த இடத்தில இழுக்கிறாய், விடிய அதைப் பார்" என்பார். விடிய எழும்பி அந்த இடத்தைத்தான் முதலில் பார்ப்போம்.

95 ஐப்பசியில் போரினால் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போனபோது என் கொப்பிகளில் பாதி வீட்டிலேயே கிடந்தது. அம்மா இருட்டில் கேட்டவை மட்டும் என்னோடு வந்தன. நான் விஞ்ஞானம் படித்ததும், இன்று படிப்பிப்பதும் அதை வைத்துத்தான்.

ஆசிரிய கலாசாலையில் நான் படித்த எந்த முறையும் இதற்குக் கிட்ட வராது. எண்ணெய் மிச்சம் பிடிக்கச் செய்த வேலை அது. பார்க்காமல் சொல்வது, தடுமாறிய இடத்தைக் குறித்துக்கொள்வது, ஒரு நித்திரைக்குப் பிறகு அதையே திரும்பத் தொடுவது, மூன்றும் அதற்குள் இருந்தன. வன்னியில் இருக்கும் அண்ணாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அவருக்கும் நினைவிருந்தது.

ஜூன் 18, புதன்

ஒரு விஷயத்தைச் சரியாகப் பிரித்து எழுதிவைக்க வேண்டும். 'மூளை விஞ்ஞானம் சொல்கிறது' என்று சொல்லி எதையும் விற்கலாம் என்ற நிலை வந்துவிட்டது.

1973இல் பிளிஸ், லோமோ என்ற இருவர் நோர்வேயில் செய்த வேலையை வெளியிட்டார்கள். எங்கள் ஒழுங்கையில் பாதி வீட்டுக்காரரின் சொந்தங்கள் இருக்கும் அதே ஒஸ்லோவில்தான். முயலின் ஹிப்போகாம்பஸில் ஒரு நரம்புப் பாதையை அடுத்தடுத்துத் தூண்டினார்கள். அதற்குப் பிறகு அந்த இணைப்பு பல மணித்தியாலங்களுக்குப் பலமாகவே இருந்தது. நடந்த வழி தடமாகும் என்பதுபோல. கற்றல் என்றால் நரம்புக்கலங்களுக்கு இடையிலுள்ள இணைப்புகள் மாறுவது என்ற எண்ணத்துக்கு இது பெரிய ஆதாரம்.

ஆனால் முயலின் மூளையில் இருந்து தரம் 11 வகுப்பறைக்கு நேரே பாலம் போட முடியாது. ஜோன் புரூயர் என்பவர் 1997இலேயே இதை எழுதினார்: மூளை ஆய்விலிருந்து வகுப்பறைக்குப் பாலம் எட்டாது, இடையில் உளவியல் என்ற தூண் வேண்டும். நான் அவர் பக்கம். வெள்ளைத்தாள் முறை பலன் தரும் என்று காட்டியது மூளைப் படம் இல்லை, பிள்ளைகளை உட்கார்த்தி எழுதவைத்த சாதாரணப் பரிசோதனைகள். அது ஏன் பலன் தருகிறது என்று விளங்கிக்கொள்ள மூளை ஆய்வு உதவுகிறது. எனக்கு இரண்டும் வேண்டும், ஆனால் எது எது என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஜூன் 28, சனி

பயிற்சிப் பட்டறை ஒன்றுக்குப் போனேன். பிள்ளைகளைக் 'கண்ணால் கற்பவர்', 'காதால் கற்பவர்', 'செய்து கற்பவர்' என்று பிரித்து, அந்தந்த விதமாகவே படிப்பிக்கச் சொன்னார்கள். படிவமும் தந்தார்கள். 2008இல் பாஷ்லர் என்ற உளவியலாளரும் கூட இருந்தவர்களும் இதற்கான ஆதாரங்களைத் தேடிப் பார்த்து, வகுப்பறைக்குக் கொண்டுவரும் அளவுக்கு எதுவும் இல்லை என்று எழுதிவிட்டார்கள். எழுந்து சொன்னேன். பட்டறை நடத்த வந்தவர் கோபிக்கவில்லை, அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். பக்கத்தில் இருந்த ஆசிரியை மட்டும் இடைவேளையில் வந்து விபரம் கேட்டா. இதயத்தைக் காதால் மட்டும் எப்படிப் படிப்பது? எல்லாப் பிள்ளைக்கும் படமும் வேண்டும், விளக்கமும் வேண்டும்.

ஜூலை 7, திங்கள்

ஒரு மாதமாக ஒவ்வொரு பாடத்தின் முதல் ஐந்து நிமிடமும் மூன்று கேள்வி. ஒன்று நேற்றையது, ஒன்று போன கிழமையது, ஒன்று போன தவணையது. கொப்பி மூடியிருக்கும். புள்ளி இல்லை, பெயர் எழுதத் தேவையில்லை. எழுதி முடித்ததும் கொப்பியைத் திறந்து தாங்களே திருத்த வேண்டும். இந்தக் கடைசி வேலையை விட்டால் பிழையே பாடமாகிவிடும்.

இடைவெளி விட்டுக் கேட்பது புதிய யோசனை இல்லை. எபிங்ஹவுஸ் என்ற ஜேர்மானியர் பொருளில்லாத அசைகளைத் தானே பாடமாக்கி, தானே மறந்து, அதை அளந்து 1885இல் வெளியிட்டார். மறதி முதல் மணித்தியாலங்களில்தான் வேகம். ஒரே நாளில் அள்ளிப் போடுவதை விட நாட்களுக்குப் பங்கிட்டால் குறைந்த உழைப்பில் தங்கும் என்பதையும் அவரே கண்டார்.

புள்ளி போடாமல் விட்டதற்குக் காரணம் குருநகர்ப் பெடியன். பிழைவிட்டால் ஏச்சு விழும் என்ற பயத்தில் இருக்கும் பிள்ளைக்குத் தெரிந்ததும் வாயில் வராது. பதற்றத்தில் சுரக்கும் ஓமோன்கள் நினைவிலிருந்து எடுப்பதைத் தடுக்கும். இரண்டு கிழமை வெறுந்தாள்தான் தந்தான். மூன்றாம் கிழமை ஒரு பதில். இன்று இரண்டு.

அவன் தூங்கி விழுவதற்கும் காரணம் தெரிந்துவிட்டது. சில நாட்களில் தகப்பனோடு இரவில் தொழிலுக்குப் போகிறான். மற்றப் பிள்ளைகளும் குறைவில்லை. ஆறு மணி வரை ரியூசன், இரவு பதினொன்று வரை வீட்டுவேலை, விடிய நாலு மணிக்குத் தாய் எழுப்பிவிடுவார். இந்த வயதில் உடலின் மணிக்கூடே பிந்திவிடும், நித்திரை தாமதமாகத்தான் வரும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014இல் இடைநிலைப் பள்ளிகள் 8.30க்கு முன் தொடங்கக் கூடாது என்று கேட்டது. எங்களுக்கு 7.30. எலிகளில் பார்த்திருக்கிறார்கள்: பகலில் ஓடித் திரிந்த இடத்தின் நரம்புக்கலங்கள் நித்திரையில் திரும்ப வேலை செய்தன, 1994இல் வில்சனும் மக்னோட்டனும் வெளியிட்டது. படித்தது பதிவதற்கு நித்திரையும் வேண்டும். நாலு மணிக்கு எழுப்பும் தாய்மார் அன்பினால்தான் எழுப்புகிறார்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இதைத்தான் முதலில் பேசப்போகிறேன்.

ஜூலை 14, திங்கள்

முன்வாங்குப் பிள்ளையின் தாய் அதிபரிடம் முறையிட்டிருக்கிறார். "இந்தத் தவணை கொப்பியில ஒண்டும் இல்லை, ரீச்சர் நோட்ஸ் தாறேல்லை." அதிபர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். தாயை வெள்ளிக்கிழமை வரச் சொன்னேன். கோபம் இல்லை. சாதாரண தரப் பரீட்சை என்றால் ஒரு குடும்பத்தின் ஒரு வருடம். பயப்படாமல் எப்படி இருப்பார்?

ஜூலை 18, வெள்ளி

தாய் வந்தார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வாங்கின் நுனியில் இருந்தார். நான் விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்தேன். "இதயத்தைக் கீறி அம்மாவுக்குச் சொல்லு."

கீறினாள். சிவப்பும் இல்லை, நீலமும் இல்லை, என்னுடைய சாதாரண பேனை. வலது இதயவறை, சுவாசப்பை நாடி, சுவாசப்பை. அங்கே ஒரு கணம் நின்றாள். நான் வாய் திறக்கவில்லை. பிறகு சுவாசப்பை நாளம், இடது சோணையறை, இடது இதயவறை, தொகுதிப் பெருநாடி.

தாய் குனிந்து விரலை வைத்தார். "நாளம் எண்டால் கெட்ட ரத்தம் போறது எண்டு நாங்கள் படிச்சது. இதில நீ நல்ல ரத்தம் எண்டு சொல்லுறாய்?"

"இது மட்டும் அப்பிடி அம்மா. இதயத்தை விட்டு வெளிய போனால் நாடி, இதயத்துக்குத் திரும்பி வந்தால் நாளம். ரத்தத்தை வைச்சு இல்லை, போற திசையை வைச்சுத்தான் பேர்."

தாய் இன்னும் இரண்டு கேள்வி கேட்டார். ஒன்றுக்குச் சொன்னாள். மற்றதற்குத் தெரியாது என்று சொல்லி, தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டாள்.

போகும்போது தாய் அந்தத் தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். பிள்ளை, "எனக்கு அது வேணுமம்மா, அதில பார்க்க வேண்டியதைக் குறிச்சிருக்கிறன்" என்று பின்னால் போனாள்.