உளவியலாளரிடம் போகத் தொடங்கியிருக்கிறேன்: பட்டர்வொர்த் நாட்குறிப்பு

ஜனவரி 11, 2025, சனி

அடுத்த சனிக்கிழமை காலை ஜார்ஜ்டவுனில் ஓர் உளவியலாளரைப் பார்க்கப் போகிறேன். போவதற்கு முன் அந்த அறைக்குள் என்னதான் நடக்கும் என்று தமிழில் தேடிப் பார்த்தேன், மனநலம் முக்கியம், தயங்காமல் உதவி கேளுங்கள் என்கிற மாதிரிதான் கிடைத்தது. எனக்குத் தெரிய வேண்டியிருந்தது வேறு. என்ன கேட்பார்கள், எவ்வளவு வாங்குவார்கள், மாத்திரை கொடுப்பார்களா, வேலையிடத்துக்குத் தெரிந்துவிடுமா? அதனால் நடப்பதை நடக்க நடக்க எழுதி வைக்கிறேன்.

வீடு மலேசியாவின் பட்டர்வொர்த், வேலை கடலுக்கு அக்கரையில் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலை, நடுவில் தினமும் பினாங்குப் பாலம். போன தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால், இரவு ஷிஃப்ட் முடிந்து வரும்போது பாலத்தின் நடுவில் நெஞ்சு படபடவென்று அடித்து, விரல் நுனியெல்லாம் மரத்துப்போய், இதோ செத்துவிடப் போகிறேன் என்றே நினைத்தேன். அவசரப் பிரிவில் இசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், இதயத்தில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஆனால் அது மறுபடியும் வந்தது. இப்போது காரை இந்தப் பக்கமே போட்டுவிட்டு ஃபெர்ரி ஏறி, அக்கரையில் பஸ் பிடித்து வேலைக்குப் போகிறேன். ஃபெர்ரியில் முன்போல் கார் ஏற்றுவதில்லை, அதனால் விடிவதற்கு முன்பே கிளம்ப வேண்டியிருக்கிறது.

கிளினிக் கெசிஹாத்தானில், அதாவது அரசாங்கச் சுகாதார நிலையத்தில், ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டிப் பார்த்த டாக்டர்தான் தைராய்டு சோதனையும் எடுத்துப் பார்த்துவிட்டு, இது பேனிக் அட்டாக், திடீரென்று வரும் கடும் பீதி, என்று பெயர் சொன்னார். அரசாங்க மருத்துவமனைக்குக் கடிதம் தருகிறேன், செலவு மிகக் குறைவு, ஆனால் காத்திருக்க வேண்டும் என்றார். கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு, தனியாரில் ஒருவரைத் தேடினேன்.

தேடும்போதுதான் யார் யார் என்று பிரித்துப் பார்க்க வேண்டி வந்தது. சைக்கியாட்ரிஸ்ட் மருத்துவம் படித்தவர், மாத்திரை எழுதலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மாத்திரை எழுத முடியாது, பேச்சும் பயிற்சியும் சோதனைகளும்தான் அவர் வேலை. கவுன்சலர் என்று பலகை மாட்டுகிறவர் 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி கவுன்சலர் வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். சைக்காலஜிஸ்டுகளுக்கு 2016-இல் வந்த துணைச் சுகாதாரத் தொழில் சட்டம் இருக்கிறது. போனிலேயே படிப்பு என்ன, பதிவு இருக்கிறதா, தமிழில் பேசலாமா என்று கேட்டேன், யாரும் முகம் சுளிக்கவில்லை. கேளுங்கள், அது நம் உரிமை. தமிழ் பேசுகிறவர்கள் அதிகம் இல்லை, கிடைத்தவர் ஓர் அமர்வுக்கு 220 வெள்ளி வாங்குகிறார். என் காப்புறுதி இதைக் கட்டாது. வர முடியாவிட்டால் ஒரு நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் முழுப் பணமும் போய்விடும்.

ஜனவரி 18, சனி

முதல் நாள் முடிந்தது. படுக்கச் சொல்லும் சோஃபா எதுவும் இல்லை. இரண்டு நாற்காலி, ஒரு சின்ன மேசை, ஒரு பெட்டி டிஷ்யூ, அவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு கடிகாரம்.

முதலில் காகித வேலை. 'டாஸ்' என்று 21 வரிகள் கொண்ட ஒரு தாள், போன ஒரு வாரத்தில் இது எந்த அளவுக்கு உங்களுக்குப் பொருந்தியது என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை போட வேண்டும். மனச்சோர்வு, பதற்றம், மன அழுத்தம் மூன்றுக்கும் தனித்தனியாகக் கூட்டுகிறார்கள். இதை வைத்து நோய் என்று முத்திரை குத்துவதில்லை, இன்னும் சில வாரம் கழித்து மறுபடி போட்டால் மாறியிருக்கிறதா என்று பார்க்கத்தான் என்றார்.

அப்புறம் ரகசியம் பற்றிப் பேசினார். நான் சொல்வது இந்த அறையை விட்டு வெளியே போகாது, என் கையெழுத்து இல்லாமல் முதலாளிக்கோ மனைவிக்கோ எதுவும் சொல்ல மாட்டார். விலக்குகளையும் மறைக்காமல் சொன்னார். என் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ உடனடி ஆபத்து என்றால், ஒரு குழந்தை வதைபடுகிறது என்றால், நீதிமன்றம் கேட்டால், அப்போது வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. இதை முதல் பத்து நிமிடத்திலேயே சொன்னதால்தான் எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது.

மீதி நேரம் முழுக்கக் கேள்விகள். எப்போது ஆரம்பித்தது, அதற்கு முந்தைய மாதங்களில் வீட்டில் என்ன நடந்தது, தூக்கம் எப்படி, குடிப்பீர்களா, ஒரு நாளைக்கு எத்தனை கோப்பி, குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்திருக்கிறதா. ஷிஃப்டில் நான் குடிக்கும் கோப்பி ஓ-வை (பால் இல்லாத காப்பி) ஒவ்வொரு கப்பாக எண்ணி எழுதிக்கொண்டார். "சாகணும்னு தோணியிருக்கா?" என்றும் நேராகவே கேட்டார். திடுக்கிட்டுப் போனேன். முதல் நாளில் எல்லோரையும் கேட்பேன் என்றார். நம் நாட்டில் தற்கொலை முயற்சி 2023 வரை குற்றமாக இருந்தது, அந்தப் பயத்தில் இந்தக் கேள்விக்கு உண்மையைச் சொல்லாதவர்கள் இன்னும் இருப்பார்கள். இப்போது அந்தச் சட்டப்பிரிவு கிடையாது, தயவுசெய்து சொல்லிவிடுங்கள். அடுத்த அமர்வு வரை தாங்காது என்று தோன்றினால் கூப்பிட மனநல உதவி எண் 15555, அல்லது கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, இரண்டையும் அவரே ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தார், நான் அப்படிச் சொல்லாவிட்டாலும்.

50 நிமிடம் ஆனதும் முடித்துவிட்டார். அறிவுரை என்று ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அப்பா இறந்ததைப் பற்றி ஆரம்பித்த இடத்தில் நேரம் முடிந்தது.

ஜனவரி 20, திங்கள்

அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, அக்கா சொல்லியிருக்கிறாள். "ஏன்யா, தஞ்சோங் ரம்புத்தானுக்கா போற அளவுக்கு ஆயிட்ட?" என்று அழ ஆரம்பித்துவிட்டார். இங்கே வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டாம், அங்கே 1911-இல் கட்டிய மனநல மருத்துவமனையால் அந்த ஊர்ப் பெயரே ஒரு ஏச்சாகிவிட்டது. அம்மா பக்கத்து ஊரான பிறையில் ஒருவரிடம் மந்திரித்துக் கயிறு கட்டலாம் என்கிறார். கட்டிக்கொண்டேன், அதில் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. சனிக்கிழமையும் போவேன் என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 25, சனி

இன்று வெள்ளைப் பலகையில் ஒரு வட்டம் வரைந்தார். பாலத்தில் ஏறுகிறேன், நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடிக்கிறது, "ஹார்ட் அட்டாக்" என்று நினைக்கிறேன், அந்த நினைப்பே பயத்தைக் கூட்டுகிறது, உடம்பு அட்ரினலினைக் கொட்டுகிறது, நெஞ்சு இன்னும் வேகமாக அடிக்கிறது. மூச்சை வேகமாக இழுத்து விடும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது, விரல் மரத்துப்போவதும் தலை சுற்றுவதும் அதனால்தான். இதை இத்தனை டாக்டர்களில் யாரும் எனக்குச் சொல்லவில்லை! ஒரு மெஷின் ஏன் நிற்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலையே, ஆனாலும் என் விரல் ஏன் மரத்துப்போகிறது என்று தெரியாமல் மாதக்கணக்காகப் பயந்துகொண்டிருந்தேன்.

அப்புறம் இன்னொன்று. பேனிக் அட்டாக் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய்த் தானாகவே இறங்கும். நான் ஒவ்வொரு தடவையும் தப்பித்து ஓடுவதால் அது தானாக இறங்குவதை என் உடம்பு பார்த்ததே இல்லை, ஃபெர்ரிதான் காப்பாற்றியது என்று கணக்குப் போட்டுக்கொள்கிறது என்றார். ஃபெர்ரியை உடனே விடச் சொல்லவில்லை.

இந்த முறைக்குச் சிபிடி (அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை) என்று பெயர், எண்ணமும் உடம்பும் செய்கையும் ஒன்றை ஒன்று இழுப்பதைப் பிடித்து மாற்றுவது, 1960-களில் ஆரோன் பெக் தொடங்கி வைத்தது. வீட்டுப்பாடம் உண்டு. பதற்றம் வரும்போது நேரம், இடம், மனதில் ஓடியது, 100-க்கு எத்தனை பயம், கடைசியில் உண்மையில் என்ன நடந்தது என்று எழுத வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன். அப்பாவைப் பற்றிப் பேசியது இரண்டு நாளாவது உள்ளே ஓடும், எரிச்சல் வரும், அழுகை வரும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். அமர்வு முடிந்த கையோடு ஷிஃப்டுக்குப் போகிற மாதிரி நேரம் வாங்காதீர்கள், முடிந்தால்.

பிப்ரவரி 1, சனி

சீனப் புத்தாண்டுக்காக மூடிவிட்டார்கள், அமர்வு இல்லை. உளவியலாளரிடம் போகத் தொடங்குவதற்கு முன்பு இருந்ததைவிட இந்த வாரம் மோசமாக உணர்ந்தேன். 220 வெள்ளி கொடுத்து இதுவா என்று விட்டுவிடத் தோன்றியது. பலரும் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் கிளறியாகிவிட்டது, கையில் இன்னும் எதுவும் கிடைக்கவில்லை. தாளில் எழுதியதைத் திருப்பிப் பார்த்தேன். "கடைசியில் என்ன நடந்தது" கட்டத்தில் எல்லா வரியிலும் ஒன்றும் நடக்கவில்லை என்றே இருக்கிறது.

பிப்ரவரி 8, சனி

மனதில் இருந்ததை இன்று அவரிடமே சொன்னேன். "மேடம், நீங்க ரொம்ப வேகமா போறீங்க, பாதி இங்கிலீஷ்ல சொல்றீங்க, எங்க அப்பா விஷயம் பாதியிலேயே நிக்குது." கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன், நன்றி சொன்னார். இதைச் சொல்லாமல் வராமலே போய்விடுகிறவர்கள்தான் அதிகம் என்றார். இனி ஒவ்வொரு தடவையும் முதல் பாதி பயிற்சிக்கு, பிறகு அப்பாவுக்கு என்று பிரித்துக்கொண்டோம். சொல்லியும் மாறாத ஆள் என்றால் வேறொருவரிடம் போவதில் துரோகம் எதுவும் இல்லை, அடுத்தவர் பெயரை அவரிடமே கேட்கலாம்.

பயிற்சி விசித்திரமாக இருந்தது. சுழல் நாற்காலியில் என்னைச் சுற்றவிட்டார், ஒல்லியான ஸ்ட்ரா வழியாக மூச்சுவிடச் சொன்னார், நின்ற இடத்திலேயே ஓடச் சொன்னார். பாலத்தில் வரும் அதே படபடப்பு, அதே தலைசுற்றல், ஆனால் நாங்களே வரவழைத்தது. முன்பே இசிஜி, ரத்தச் சோதனை எல்லாம் எடுத்திருக்கிறேனா என்று ஏன் அவ்வளவு கேட்டார் என்று அப்போது புரிந்தது. கடைசியில் ஒரு பட்டியல் போட்டோம், பயத்தை 100-க்கு மதிப்பிட்டு. பாலத்தின் வீடியோ பார்ப்பது 20, மனைவி ஓட்ட பக்கத்தில் உட்கார்ந்து பகலில் கடப்பது 60, இரவு ஷிஃப்ட் முடிந்து தனியாக ஓட்டுவது 100. கீழேயிருந்துதான் ஏற வேண்டும்.

பிப்ரவரி 12, புதன்

நேற்று தைப்பூசம். மனைவி பால்குடம் எடுத்தார், தண்ணீர்மலை முருகன் கோவிலுக்கு 500-க்கும் மேற்பட்ட படிகள், சுற்றிலும் மூச்சுவிட இடமில்லாத கூட்டம். மேலே போனபோது என் நெஞ்சு பாலத்தில் அடித்த அதே வேகத்தில் அடித்தது, வியர்வை, மூச்சிரைப்பு எல்லாம் அப்படியே. ஆனால் படி ஏறினால் அப்படித்தான் அடிக்கும் என்று எனக்குத் தெரியும், அதனால் பயமே வரவில்லை. வட்டத்தில் நடுவில் இருந்த அந்த ஒரு எண்ணம் இல்லையென்றால் மீதி எதுவும் சுற்றுவதில்லை. வந்ததும் தாளில் எழுதினேன், பயம் 15.

பிப்ரவரி 22, சனி

வீடியோ இப்போது சலிப்பாகிவிட்டது. வியாழக்கிழமை மத்தியானம் மனைவி ஓட்ட, பாலத்தைக் கடந்தோம். ஏறும்போது 70 வரை போனது, ரேடியோ போடக் கூடாது, கண்ணை மூடக் கூடாது, இறங்கட்டும் என்று விட வேண்டும் என்பதுதான் விதி. தீவுப் பக்கம் இறங்கும்போது 35. அங்கேயே யு-டர்ன் போட்டுத் திரும்பி வந்தோம், திரும்பும்போது ஆரம்பமே 50தான்.

இன்று டாஸ் மறுபடி போட்டேன். பதற்றம் குறைந்திருக்கிறது, மனச்சோர்வு எண் அப்படியே இருக்கிறது. அது அப்பாவைச் சேர்ந்தது என்று இருவருக்குமே தெரிகிறது, அதற்கு அவசரப்பட வேண்டாம் என்றார். மாத்திரை வேண்டுமா என்று கேட்டேன், இப்போதைக்கு அவசியமாகத் தெரியவில்லை, இரண்டு மாதத்தில் அந்த எண் இறங்கவில்லை என்றால் கையில் இருக்கும் கடிதத்தோடு அரசாங்க மருத்துவமனையில் சைக்கியாட்ரிஸ்டைப் பாருங்கள், இரண்டையும் சேர்த்தே செய்யலாம் என்றார்.

இனி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, எனக்கும் பண விஷயத்தில் மூச்சுவிட முடியும். அடுத்தது மார்ச் 8, மனைவியும் அரை மணி நேரம் உள்ளே வருகிறார், என் கையெழுத்தோடு. அதற்குள் பகலில் நான் ஓட்ட வேண்டும், அவர் பக்கத்தில். பட்டியலில் அது 75.