பழைய அரசு லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட்: தமிழில் மனு அடிக்கும் வரை

பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த லேப்டாப்தான் எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது. பத்தமடையில் எங்கள் தெருவிலேயே நாலைந்து வீடுகளில் அதே மாதிரி ஒன்று பீரோ மேல் கிடக்கும். திரையும் கீபோர்டும் நன்றாகவே இருக்கின்றன. உள்ளே இருந்த விண்டோஸ் 7தான் காலாவதி. 2020 ஜனவரியோடு அதற்கு அப்டேட் நின்றுவிட்டது, குரோம் 109க்கு மேல் அதில் ஏறாது. பிரவுசரைப் புதுப்பியுங்கள் என்று வலைத்தளங்கள் கேட்டுக்கொண்டே இருக்கும், புதுப்பிக்க வழி இருக்காது. இப்படி ஒரு லேப்டாப்பை வைத்துக்கொண்டு, விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளமான லினக்ஸ் என்றால் பயந்து ஒதுங்குகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு இது தேவைப்பட்டதற்குக் காரணம் எங்கள் அம்மாவின் பாய். அம்மாவும் பக்கத்து வீட்டு அக்காமாரும் சேர்ந்து கோரைப்பாய் நெய்கிறார்கள். குழுவின் ரசீது, ஆர்டர் கடிதம், திங்கட்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் கொடுக்கும் மனு எல்லாம் என் பொறுப்பு. சேரன்மகாதேவிக்குப் போய், பக்கத்துக்கு இவ்வளவு என்று கொடுத்து டைப் அடித்து வாங்கிக்கொண்டிருந்தோம். ஒரு பெயரில் எழுத்து தப்பினால் மறுபடியும் பஸ் ஏற வேண்டும்.

திருநெல்வேலி ஜங்ஷனில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் லேப்டாப்பைக் காட்டினேன். "விண்டோஸ் பதினொண்ணு இதுல ஏறாதும்மா. லினக்ஸ் மின்ட் போடு, அதுல எக்ஸ்எஃப்சிஇன்னு ஒண்ணு இருக்கு, பழைய மெஷினுக்கு அதுதான் லாயக்கு" என்றார். அப்புறம் ஸ்கிரீனைப் பார்த்துவிட்டு, "இதுல ஏற்கெனவே லினக்ஸ் இருக்குலா, நீ தொறந்தே பாக்கலையா?" என்று கேட்டார். ஆன் செய்யும்போது விண்டோஸோடு இன்னொரு பெயரும் வரும். அது பாஸ் என்ற லினக்ஸ், மத்திய அரசு நிறுவனமான சி-டாக் தயாரித்தது. இத்தனை வருஷமும் அந்த வரியைத் தாண்டி விண்டோஸுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறேன். அது பழைய பதிப்பு என்பதால் புதிதாக மின்ட் போடுவதே நல்லது என்றார். 2 ஜிபி ராமோடு 4 ஜிபி ராம் ஒன்றைச் சேர்த்து, ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி மாட்டிக் கொடுத்தார். கையில் காசு கொஞ்சமாக இருந்தால் முதலில் எஸ்எஸ்டிக்குச் செலவழியுங்கள். வேகத்தில் பெரிய மாற்றம் தெரிவது அதில்தான்.

மின்ட் பதிவிறக்கம் 3 ஜிபியை ஒட்டி வரும், செல்போனின் ஒரு நாள் டேட்டாவில் அடங்காது. பாளையங்கோட்டையில் அத்தை வீட்டு பைபர் இணைப்பில் இறக்கி, அங்கிருந்த கம்ப்யூட்டரிலேயே ரூஃபஸ் என்ற மென்பொருள் மூலம் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டேன். பென் டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், காலியானதாக எடுத்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பில் இருந்த போட்டோ, கடிதங்களையும் முதலிலேயே வேறு இடத்தில் நகல் எடுத்து வைத்துவிட வேண்டும்.

பென் டிரைவிலிருந்து பூட் செய்தவுடனே மின்ட் எதையும் அழித்துவிடாது. நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம். சத்தம் வருகிறதா, டச்பேட் நகர்கிறதா, வைஃபை பிடிக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடலாம். எனக்கு வைஃபை மட்டும் தெரியவில்லை. செல்போனை யூஎஸ்பி கேபிளில் செருகி டெதரிங் போட்டு இணையம் வாங்கி, டிரைவர் மேனேஜரைத் திறந்தால் தேவையான டிரைவரை அதுவே காட்டியது. நிறுவுவதில் வேறு சிரமம் இல்லை. மொழி, ஊர், பெயர், பாஸ்வேர்டு கேட்கும், அவ்வளவுதான்.

மென்பொருள் போடும் இடத்தில்தான் புதியவர்கள் நிற்பார்கள். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். விண்டோஸில் ஒன்று வேண்டுமென்றால் கூகுளில் தேடி, எக்ஸ்இ கோப்பை இறக்கி, நெக்ஸ்ட் நெக்ஸ்ட் என்று தட்டிப் பழகியிருக்கிறோம். இங்கே அந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். மெனுவில் சாப்ட்வேர் மேனேஜர் என்று இருக்கும். மின்டுக்கு அடிப்படையான உபுண்டு என்ற லினக்ஸும் மின்டும் சரிபார்த்து வைத்திருக்கும் தொகுப்புகளிலிருந்து அது எடுத்துத் தரும். வைரஸ் ஒட்டிய கோப்பு வந்துவிடுமோ என்ற பயம் இதில் மிகக் குறைவு. எல்லாவற்றுக்கும் அப்டேட்டும் ஒரே இடத்தில் வருவதால் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

ஒரே மென்பொருள் அங்கே இரண்டு விதமாகத் தெரிவதுண்டு, ஒன்று சிஸ்டம் பேக்கேஜ், இன்னொன்று ஃபிளாட்பேக். ஃபிளாட்பேக் தனக்கு வேண்டியதையெல்லாம் கூடவே கொண்டு வருவதால் அளவு பெரிதாக இருக்கும். டிஸ்க்கில் இடமும் டேட்டாவும் குறைவாக உள்ளவர்களுக்கு சிஸ்டம் பேக்கேஜே போதும்.

கட்டளை அடிக்கும் ஜன்னலான டெர்மினலில் சுடோ ஆப்ட் இன்ஸ்டால் (sudo apt install) என்று அடித்துப் போடுவதும் இதே வேலைதான். நிறுவிய சூட்டோடு அதில் போட்டபோது, லாக் கிடைக்கவில்லை என்று ஒரு செய்தி வந்து நின்றது. பழுது ஒன்றும் இல்லை. அப்டேட் மேனேஜர் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது, ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே நுழையலாம். அது முடிந்ததும் அதே கட்டளை ஓடியது. லாக் கோப்பை அழித்துவிடு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், பொறுத்திருந்தால் போதும்.

"ஏட்டி, இதுல தமிழ் வருமா?" என்றுதான் அம்மா முதலில் கேட்டாள். விண்டோஸில் நான் என்எச்எம் ரைட்டர் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளை வைத்துத் தமிழ்99 என்ற கீபோர்டு முறையில் அடித்தவள். என்எச்எம் ரைட்டர் விண்டோஸுக்கானது. ஆனால் தமிழ்99 இங்கேயும் கிடைக்கிறது, சில படிகள்தான். சாப்ட்வேர் மேனேஜரில் வேறு மொழியில் அடிக்க உதவும் ஐபஸ் (ibus), ஐபஸ்-எம்17என் (ibus-m17n) இரண்டையும் போட வேண்டும். மெனுவில் இன்புட் மெத்தட் என்பதைத் திறந்து ஐபஸைத் தேர்ந்தெடுத்து, லாக் அவுட் செய்து மறுபடி உள்ளே வர வேண்டும். இதை விட்டுவிட்டுத்தான் பலரும் வேலை செய்யவில்லை என்று கைவிடுகிறார்கள். அப்புறம் ஐபஸ் பிரிஃபரன்சஸில் ஆட் தட்டினால் மொழிப் பட்டியல் சுருக்கமாக இருக்கும். கீழே மூன்று புள்ளி தெரியும், அதைத் தட்டினால் பட்டியல் விரியும். தமிழுக்குள் தமிழ்99ஓடு ஒலிபெயர்ப்பு, டைப்ரைட்டர் முறைகளும் இருக்கின்றன. விண்டோஸ் படம் போட்ட கீயையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்தினால் ஆங்கிலமும் தமிழும் மாறும்.

தமிழ்99 தெரியாதவர்கள் அதையே கற்றுக்கொள்ளுங்கள் என்பேன். 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட முறை அது. உயிரெழுத்து இடது கைக்கு, மெய் வலது கைக்கு. 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கு கீ. இரண்டாவது ம விழும்போதே முதல் ம மேல் புள்ளி தானாக ஏறிவிடும். 'பந்து'க்கு ப, ந, த, உ. அங்கேயும் புள்ளி நாம் வைக்க வேண்டாம். ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழுக்கு மாற்றும் வேலையே இல்லாமல் விரல் போகிறது.

கடிதம் அடிக்கும் லிப்ரே ஆபீஸில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஆங்கில எழுத்துக்கு ஒரு எழுத்துருவும், தமிழ், இந்தி, அரபு போன்றவற்றுக்குத் தனியாக இன்னொன்றும் அது வைத்திருக்கிறது. இரண்டாவதற்கு சிடிஎல் என்று பெயர். டூல்ஸ், ஆப்ஷன்ஸ் போய் மொழிப் பகுதியில் சிடிஎல்லை இயக்கி, இயல்பு மொழியாகத் தமிழை வைத்து, ரைட்டர் பகுதியில் சிடிஎல் எழுத்துருவையும் அளவையும் ஒரு தரம் குறித்துவிட்டால் அப்புறம் தொந்தரவு இல்லை. நான் நோட்டோ சான்ஸ் தமிழ் வைத்திருக்கிறேன். விண்டோஸின் லதா எழுத்துரு இங்கே கிடையாது என்பதால், லதாவில் அடித்த பழைய யூனிகோட் (எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) கடிதம் வேறு எழுத்துருவில் திறக்கும். எழுத்தெல்லாம் சரியாக இருக்கும், அகலம் மாறுவதால் ஒரு பக்கக் கடிதத்தின் கையெழுத்து இடம் மட்டும் அடுத்த பக்கத்துக்கு இறங்கிவிடும்.

கடையில் அடித்து வாங்கிய கடிதங்கள் வேறு விதம். அவை பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருந்தன. திறந்தால் 'அன்புள்ள' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எம், டி, ஒரு அரைப்புள்ளி, பெரிய ஜி, எஸ், மறுபடி அரைப்புள்ளி, எஸ். ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்த எழுத்துரு அது. பாமினி கோப்பை ஹோம் ஃபோல்டரில் மறைந்திருக்கும் டாட் ஃபான்ட்ஸ் (.fonts) என்ற ஃபோல்டருக்குள் போட்டால் படிக்க முடியும். மறைந்ததைக் காட்ட கன்ட்ரோலும் எச்சும் அழுத்துங்கள். ஆனால் அதோடு விட்டுவிடக் கூடாது, கன்வெர்ட்டரில் கொடுத்து யூனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும். தமிழில் தேடினால் கிடைக்காத கடிதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தமிழ்நாடு அரசே 2010இல் யூனிகோடுக்கு மாறிவிட்டது.

வீட்டில் பிரிண்டர் இல்லை. லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் பிடிஎஃப் ஆக்கும் பொத்தான் மேலேயே இருக்கிறது. அது எழுத்துருவையும் உள்ளே வைத்துக் கொடுப்பதால், எந்தக் கடையின் கம்ப்யூட்டரில் திறந்தாலும் எழுத்து சிதறாது. ரைட்டர் கோப்பைக் கொண்டுபோனால் அந்த உறுதி இல்லை. குழுவின் கடைசி மனுவை இப்படித்தான் வீட்டில் அடித்து, கொக்கிரகுளம் போகிற வழியில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தோம். பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தி தன் மகளின் லேப்டாப்பையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அதே பென் டிரைவைத்தான் அதிலும் செருகப் போகிறேன்.