கார்வையில் துள்ளிய வில்

கச்சேரிகளில் பக்கவாத்தியமாக வயலின் வாசிக்கத் தொடங்கி 22 ஆண்டுகள் ஆகின்றன. என் சிக்கல் எப்போதும் வில் பிடிக்கும் வலக்கையில்தான் இருந்தது. ஆலாபனையை முடிக்கும் இடத்தில் மேல் ஸட்ஜத்தில் கார்வை கொடுத்து, அதாவது அந்த ஒரே ஸ்வரத்தை நீட்டி நிறுத்தி, வில்லை மெல்ல இழுக்கையில், நெஞ்சின் படபடப்புக்கு ஏற்ப வில் தந்தியின்மேல் துள்ளும். ஒலிபெருக்கி அந்தத் துள்ளலைக் கடைசி வரிசைவரை கொண்டுசேர்த்துவிடும். சாதகம் போதவில்லை என்றெண்ணி வருடக்கணக்கில் கூடுதலாக உழைத்தேன். வீட்டில் ஒருநாளும் துள்ளாத வில், மேடையில் மட்டும் துள்ளியது.

கடைசியில் மருத்துவர் ஒருவர் என் இதயத்தைப் பரிசோதித்து, பழைய நோய்களையெல்லாம் விசாரித்த பிறகு, கச்சேரிக்கு ஒரு மணி நேரம் முன்பு போட்டுக்கொள்ள 10 மி.கி. ப்ராப்ரனலால் எழுதிக்கொடுத்தார். ஜேம்ஸ் பிளாக் 1960களில் இதய நோயாளிகளுக்காக உருவாக்கிய மருந்து அது. அட்ரினலின் இதயத்தை விரட்டுவதையும் கையை நடுங்கவைப்பதையும் அது தடுக்கிறது. முதல்முறை அதைப் போட்டுக்கொண்டு வாசித்த அன்று கார்வை நேராக நின்றது. கைதட்டலை ஏற்கத்தான் கூச்சமாக இருந்தது.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வடகொரியத் துப்பாக்கிச் சுடும் வீரர் கிம் ஜோங் சூ, அந்தப் போட்டியில் தடைசெய்யப்பட்டிருந்த இதே மருந்தை எடுத்தது தெரியவந்ததால் இரண்டு பதக்கங்களை இழந்தார். அந்தத் தடை நியாயமானது, ஏனெனில் அங்கே ஆடாத கையே போட்டியின் பொருள். கச்சேரியிலோ, பாடகர் விட்ட இடத்திலிருந்து ராகத்தை எடுத்துச்செல்லும் காதையும் கற்பனையையும் கேட்கத்தான் ரசிகர்கள் வருகிறார்கள். அவற்றில் எதையும் மாத்திரை தருவதில்லை. இந்த எண்ணத்தால் என் கூச்சம் பெருமளவு நீங்கியது. ஆனால் அதைவிடப் பெரிய தவறொன்றை நான் யோசிக்காமலே செய்யவிருந்தேன்.

ஒரு டிசம்பர் மாலை, மேடைக்குப் பின்னறையில் ஓர் இளம் வயலின் கலைஞர் விரல்கள் நடுங்க வில்லுக்கு ரோஸின் தடவிக்கொண்டிருந்தார். மனம் பொறுக்காமல், என் அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிரித்து அவர் கையில் வைத்தேன். "ஒண்ணும் ஆகாதும்மா, போட்டுக்கோ."

அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்தபின் சற்றுத் தயங்கினார். "அண்ணா, எனக்குச் சின்ன வயசுலேர்ந்து இழுப்பு உண்டு. பரவாயில்லையா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மாத்திரையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். மறுநாள் என் மருத்துவரிடம் கேட்டபோது, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது மூச்சுக்குழாயைச் சுருக்கி உயிருக்கே ஆபத்தாகலாம் என்று சொன்னார். என்னிடம் அவர் விசாரித்த ஒவ்வொரு கேள்வியும் அப்போது நினைவுக்கு வந்தது. அவற்றில் ஒன்றைக்கூட நான் அந்தப் பெண்ணிடம் கேட்கவில்லை. யாருக்கும் தெரியக்கூடாது என்று ஒளித்து வைத்திருந்ததால்தான், கொடுக்கும்போதும் ரகசியமாக, விசாரிக்காமல் கொடுக்கத் துணிந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

இன்று நான் மருந்து எடுப்பதை என் மாணவர்களிடம் மறைப்பதில்லை; கேட்பவர்களுக்கு மருத்துவரின் முகவரியை மட்டுமே தருகிறேன்.

அன்று அவர் மாத்திரையில்லாமலே வாசித்தார். வர்ணத்தில் வில் இருமுறை துள்ளியது. பாடகர் திரும்பிப் பார்த்து, "பேஷ்" என்றார். மூன்றாவது உருப்படிக்குள் கை அடங்கிவிட்டது.